நடு சென்சார்

பேட்டரி சூடாயிடுச்சுன்னு வண்டி சொன்னா அதை நம்பணுமா, நம்பக் கூடாதா? இந்த ஒரு கேள்விக்குத்தான் ஜனங்க எனக்குப் போன் பண்றாங்க. அதுவும் நேரா என்கிட்ட வர மாட்டாங்க. நாலு மெக்கானிக்கிட்டப் போய், நாலு பேரும் கையை விரிச்ச பிறகு கடைசியா ஞாபகம் வர்ற ஆளு நான். எனக்குன்னு கடை கிடையாது. ஒரு ஸ்கூட்டர், பின்னாடி ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள ஸ்கேனர், மீட்டர், கெட்டி ரப்பர் கையுறை. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுற வண்டி, வெறும் பேட்டரி வண்டி, இந்த ரெண்டும்தான் என் பிழைப்பு. அதனால எனக்குப் பேரே 'ஸ்கேனர்'னு ஆயிடுச்சு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கிறவர்னு நினைச்சு இடுப்பு வலிக்குப் போன் பண்ணினவங்களும் உண்டு.

டாக்சி அக்கா போன் பண்ணினப்ப மழை விட்டுக் குளிர் ஆரம்பிச்சிருந்துச்சு. சொந்தமா ஒரு ஹைபிரிட் கார் வச்சு வாடகைக்கு ஓட்டுறவங்க. என்னைவிட மூத்தவங்களா இளையவங்களான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் 'அக்கா'ன்னேன், அவங்க 'அண்ணே'ன்னாங்க. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல, அப்படியே ஓடிடுச்சு.

"அண்ணே, வண்டியில ஆமை படம் வருது. பேட்டரி வெப்பம்னு என்னமோ எழுத்து வருது. அதுக்கப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் உருண்டுக்கிட்டுத்தான் போகுது."

"எப்ப வருது? காலையிலயா, மத்தியானமா?"

"மத்தியானத்துக்கு மேலதான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க. அதுக்கப்புறம் ஓடலைன்னாலும் பாத்துக்கலாம்."

டாக்சி ஓட்டுறவங்க வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்ல. வண்டி நின்னா வீட்டுல அடுப்பும் நிக்கும்னு தெரிஞ்சவங்க அவங்க. சரி, நமக்கென்ன வந்துச்சுன்னு பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன்.

மாடி வீடு. கீழ்த் தளத்துல இவங்க குடியிருக்காங்க, மேல வீட்டு ஓனர் குடும்பம். பக்கத்துல தகரம் போட்ட ஒரு சின்ன ஷெட், அதுல கார். ஷெட்டைப் பாத்த மாதிரி கீழ் வீட்டு ஜன்னல். நான் கார் கதவைத் திறந்தேனோ இல்லையோ, ஜன்னல் கம்பியில யாரோ டங்கு டங்குன்னு அடிக்க ஆரம்பிச்சாங்க. தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. எட்டிப் பாத்தா, சக்கர நாற்காலியில ஒரு மனுஷன். இடது கையில எவர்சில்வர் டம்ளர். என்னையே முறைச்சுக்கிட்டு அடிக்கிறாரு.

"யாருக்கா அது?"

"எங்க வீட்டுக்காரர்தான். கண்டுக்காதீங்க. வண்டிக் கதவு சத்தம் கேட்டா போதும், ஆரம்பிச்சுடுவாரு."

"என்னாச்சு?"

"பக்கவாதம். வலது கை, கால், பேச்சு எல்லாம் ஒரே நாள்ல போச்சு. 'ஆங்'னு ஒரு சத்தம் மட்டும் மிச்சம். பசிச்சாலும் ஆங், தண்ணின்னாலும் ஆங். பேனாவைக் குடுத்துப் பாத்தேன். கோடு கோடா இழுக்குறாரு, ஒரு எழுத்து வரல."

"முன்னாடி என்ன வேலை?"

"மோட்டார் காயில் கட்டுவாரு. பம்பு மோட்டார், மாவு மெஷின் மோட்டார் எல்லாம் இவருகிட்டத்தான் வரும். காயில்காரர்னுதான் கூப்பிடுவாங்க."

டங்கு டங்குன்னு அது நிக்கவே இல்ல. மேல் மாடியில ஒரு ஜன்னல் படார்னு சாத்திக்கிச்சு. அக்கா முகம் சுருங்கிப் போச்சு.

"பாத்தீங்களா? ஒண்ணு சத்தம் நிக்கணும், இல்ல நீங்க காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. நான் வெளியில போறது இவருக்குப் பிடிக்கல, வேற என்ன? வண்டியை எடுத்தாலும் தட்டு, திரும்பி வந்தாலும் தட்டு. நான் ஓட்டலைன்னா கஞ்சி யாரு ஊத்துவா? அதான் வெள்ளிக்கிழமை, முடியாதவங்களை வச்சுப் பாத்துக்கிற ஹோம்ல கொண்டு விடப் போறேன். வெளியூர்ல இருக்கிற பொண்ணு அங்கிருந்தே போன்ல எல்லாம் பேசி முடிச்சிட்டா. இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போகணும், வேற வண்டியில ஏற மாட்டாரு. அதுக்குத்தான் சொல்றேன், அந்த ஒரு நாள் ஓடினாப் போதும்."

இப்பதான் எனக்கு விளங்குச்சு. ஸ்கேனரை மாட்டினேன்.

இந்த வண்டியில பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னாடி படுத்திருக்கும். அதுக்குள்ள இடதுல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வலதுல ஒண்ணுன்னு மூணு சென்சார், பருப்பு சைசுல. எவ்வளவு சூடுன்னு வண்டியோட மூளைக்கு அதுங்கதான் சொல்லணும். ஸ்கேனர்ல வந்த கோளாறு நடு சென்சாரைக் காட்டிச்சு. அக்கா ஏற்கெனவே காட்டின மெக்கானிக் ஒருத்தன் கோளாறை அழிச்சு அனுப்பியிருக்கான், சாயங்காலமே திரும்பி வந்துடுச்சு. இன்னொருத்தன் பேட்டரியையே மாத்தணும்னுட்டான். காய்ச்சல்னு போனா தலையை மாத்தணும்னு சொல்ற டாக்டரு. எனக்கு இவனுங்களை நினைச்சாலே பத்திக்கிட்டு வரும்.

"இன்னிக்கு இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. ராத்திரி பூரா வண்டி இப்படியே நிக்கட்டும். சாவியைக் கூட போடாதீங்க. விடிஞ்சு வெயில் வர்றதுக்குள்ள நான் வந்து பாக்கணும்."

"எதுக்கு?"

"மூணு பேரும் ஒரே குளிர்ல படுத்து எழுந்தா, காலையில மூணு பேரும் ஒரே எண்ணைத்தான் சொல்லணும். எவன் மாத்திச் சொல்றானோ அவன்தான் புளுகன். ஓடி முடிச்ச வண்டியில இதைக் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப இன்னிக்கு சாயங்கால சவாரி போச்சு."

"போச்சு."

அவங்க உள்ள போயிட்டாங்க. கார் கதவைச் சாத்தினதும் தட்டுறதும் நின்னுச்சு.

மறுநாள் விடியக்காலையில பனி தரையோட கிடந்துச்சு. ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள என் விரல் பத்தும் மரத்துப் போச்சு. அக்கா சால்வையைத் தலையோட சுத்திக்கிட்டு டீயோட நின்னாங்க. காயில்காரர் தூங்கிட்டிருந்தாரு போல, தட்டுற சத்தம் இல்ல. நான் கார் கதவைச் சத்தம் காட்டாமத் திறந்து, ஸ்கேனரைப் போட்டேன்.

இடது ஒன்பது. வலது ஒன்பது. நடு இருபத்தேழு.

"இந்தக் குளிர்ல இருபத்தேழா? நடுவுல இருக்கிறவன் மட்டும் கம்பளி போத்திக்கிட்டுத் தூங்கினானா?"

அக்கா சிரிச்சாங்க. நான் அந்த வீட்டுல கேட்ட முதல் சிரிப்பு அதுதான். சிரிச்ச உடனே, என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

"அப்ப இவன்தான் புளுகனா?"

"அவசரப்படாதீங்க. மத்தியானமும் பாப்போம்."

அவங்க காலைச் சவாரிக்குக் கிளம்பினாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அவரை எழுப்பி, துடைச்சு, துணி மாத்தி, பால்ல ஊறப்போட்ட ரொட்டியை ஊட்டி, நாற்காலியில உக்கார வச்சாங்க. அந்த ஆளைத் தூக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல. கக்கத்துல கையைக் குடுத்து, தன் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக் குடுத்து, ஒரே மூச்சுல தூக்குறாங்க. நான் கை குடுக்கப் போனேன். "வேணாண்ணே, ரெண்டு பேரு பிடிச்சா நழுவிடுவாரு"ன்னாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கல. கார் ஷெட்டை விட்டு நகர்ந்ததும் டங்கு டங்குன்னு ஆரம்பிச்சுது. நான் ஸ்கூட்டர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தெரு முனை திரும்புற வரைக்கும் தட்டிட்டு, அப்புறம் டம்ளரை மடியில போட்டுக்கிட்டு அந்தத் திருப்பத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

மத்தியானம் அவருக்குச் சாப்பாடு குடுக்க அக்கா வீடு திரும்பினப்ப நான் மறுபடியும் ஆஜர். வண்டி வெயில்ல நல்லா ஓடி வந்திருந்துச்சு. இடது முப்பத்தாறு. வலது முப்பத்தேழு. நடு அதே இருபத்தேழு.

"அசையவே இல்லையேண்ணே."

"அதான் எனக்கும் இடிக்குது. கெட்டுப்போன சென்சார்னா கண்டபடி ஏறும் இறங்கும், இல்ல ஒரேயடியா படுத்துடும். இப்படிப் பதவிசா ஒரே எண்ணுல உக்காந்திருக்காது. காலையில எல்லாரும் குளிர்ல இருக்கும்போது வண்டி இதைப் பெரிசா எடுத்துக்கல. மத்தியானம் மத்த ரெண்டும் ஏறி, இது மட்டும் கீழயே இருந்தா, என்னடா இதுன்னு சந்தேகம் வந்து ஆமை படத்தைப் போட்டுடுது. இதுல யாரோ கை வச்சிருக்காங்கக்கா."

"பிரிச்சுப் பாக்க வெளி ஆளுகிட்ட நான் குடுத்ததே இல்லையே. இவர் படுக்குற வரைக்கும் இவர்தான் பாத்துப்பாரு."

பின் சீட்டைக் கழட்டணும்னு சொன்னேன். வண்டி கொஞ்சம் ஆறட்டும்னு படியில உக்காந்தோம். மசிச்ச உருளைக்கிழங்கும் ரெண்டு ரொட்டியும் தட்டுல வச்சு என்கிட்ட நீட்டினாங்க. அவருக்குச் செஞ்சதுல மிச்சம்.

"உங்க வீட்டுல யார்யாரு அண்ணே?"

"யாரும் இல்ல. வாடகைக்கு ஒரு மாடி ரூம். சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா."

"புள்ளைங்க?"

"இல்ல."

"அப்ப ராத்திரி போனா?"

"போனா என்ன? டிவி இருக்கு."

"எனக்கு ஆள் இருக்கு, பேச்சு இல்ல"ன்னாங்க. "நல்லா இருந்தப்பவும் பெரிசா பேச மாட்டாரு. ஆனா அது வேற. பேசலாம், ஆனா பேசலைன்னு இருக்கும். இப்ப, நான் டிவியில வர்றவங்ககிட்டப் பதில் பேசிக்கிட்டிருக்கேன்."

நான் எழுந்து வேலையைப் பாக்கப் போயிட்டேன். இந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்குத் தாங்காது.

பின் சீட்டு மேல கெட்டியா ஒரு விரிப்பு. ஓரம் வரைக்கும் இழுத்துச் சொருகியிருந்தாங்க. அதைத் தூக்கினா, அடியில சீட்டோரமா சல்லடை மாதிரி ஒரு மூடி. மூடி முழுக்கப் பஞ்சும் தூசும் அடைஞ்சு கிடந்துச்சு. எனக்கு வந்துச்சே கோவம்.

"அக்கா! இது என்னன்னு தெரியுமா? பேட்டரியோட மூக்கு இது. இது வழியாத்தான் காத்தை இழுத்துக் குளிரும். மூக்கை மூடி அது மேல போர்வையும் போத்தி வச்சிருக்கீங்களே!"

"எனக்கென்னண்ணே தெரியும்? ஏறுறவங்க ஈரக் குடையை அது மேலயே வைக்கிறாங்க. சீட்டு பாழாவுதேன்னு போட்டேன்."

"எப்ப போட்டீங்க?"

"அது... போன கோடைக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம் ஆமை வந்துச்சா?"

"அந்தக் கோடையில அடிக்கடி வந்துச்சு. நடு ரோட்டுல, சவாரியோட நின்னு அசிங்கப்பட்டேன். இவர்கிட்டச் சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை என்னமோ பிரிச்சு மாட்டினாரு. அதோட நின்னு போச்சு. இப்ப இந்த மழைக்கப்புறம்தான் மறுபடி."

சீட்டை எடுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டிச்சு, கையுறை போட்டுக்கிட்டுப் பேட்டரி மூடியைத் திறந்தேன். ஜன்னல்ல அடி ஆரம்பிச்சுது. இந்தத் தடவை அடி மட்டும் இல்ல, 'ஆங், ஆங்'னு தொண்டையில இருந்து வேற சத்தம். மேல் மாடியில யாரோ "சனியன்"னு சொன்னது எனக்கே காதுல விழுந்துச்சு.

நடு சென்சார் ஒயரைத் தேடிப் பிடிச்சேன். மேல கறுப்பு டேப். டேப்பைப் பிரிச்சா, அடியில மெல்லிசு நூலால சுத்திச் சுத்தி முடிச்சுப் போட்டு, மேல வார்னிஷ் தடவியிருந்துச்சு. இத்தனை வருஷத்துல கார் ஒயருக்கு எவனும் நூல் கட்டி நான் பாத்ததில்ல. நூலை அறுத்தேன். உள்ள சென்சாரே இல்ல. அரிசி சைசுல ஒரு சின்ன ரெசிஸ்டர். அழகான பத்தவைப்பு, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஹேர் டிரையர் வச்சுச் சுட வச்சு மீட்டரைப் பாத்தேன். கொஞ்சமும் மாறல. வெளியில எவ்வளவு சூடானாலும் 'இருபத்தேழு, எல்லாம் நல்லா இருக்கு'ன்னு வண்டிக்குச் சொல்லிக்கிட்டே இருக்கிற சாமான்.

அக்கா என் தோளுக்கு மேலால எட்டிப் பாத்தாங்க. அறுந்த நூலை எடுத்து விரல்ல உருட்டினாங்க.

"இது இவர் கட்டுண்ணே. மோட்டார் காயிலுக்கு இப்படித்தான் நூல் கட்டுவாரு. முடிச்சைப் பாருங்க, ரெட்டை முடிச்சு."

"அப்ப இவர்தான் சென்சாரை வெட்டி எடுத்துட்டு இதை வச்சிருக்காரு."

"வச்சா என்ன ஆகும்?"

மறைச்சு வைக்க எனக்கு வராது. "பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நீங்க மூக்கை மூடினீங்க, நடுவுல நிஜமாவே சூடு ஏறிச்சு. இவர் சென்சார் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வாயை அடைச்சிட்டாரு. அப்ப மூக்கு பாதிதான் அடைஞ்சிருந்ததால ஓரத்துல இருக்கிற ரெண்டும் ஏறல, இந்த மழையில ஈரத் தூசு முழுசா அடைச்சதும் அதுங்க ஏறி, பொய் மாட்டிக்கிச்சு. நடுவுல எவ்வளவு கொதிச்சாலும் வண்டிக்குத் தெரியாது. பேட்டரி உப்பிப் புகைஞ்சிருந்தாலும் தெரியாது. பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும்."

அக்கா நூலைக் கீழ போட்டாங்க. "எத்தனை குழந்தைங்களை ஏத்திட்டுப் போயிருக்கேன்"னாங்க. அடுத்த நொடி விறுவிறுன்னு உள்ள போனாங்க. அந்த ரெசிஸ்டரைக் கையில வச்சுக்கிட்டு நானும் பின்னாடியே ஓடினேன். என்ன பண்ணிடுவாங்களோன்னு பயம்.

"ஏன்யா சொல்லல? வாய் இருந்தப்ப ஏன் சொல்லல? என்னைக் கொல்லணும்னே பண்ணியா? இத்தனை நாள் தட்டித் தட்டி உயிரை எடுத்தியே, இதை ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?"

அவர் அவங்களைப் பாக்கவே இல்ல. என் கையைத்தான் பாத்தாரு. நான் அந்தச் சின்னச் சாமானை அவர் இடது கையில வச்சேன். டம்ளர் மடியில இருந்து உருண்டு கீழ விழுந்துச்சு. ரெசிஸ்டரை விரல்ல புரட்டிப் பாத்தாரு. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டிச்சு. அப்புறம் அதைத் தூர எறிஞ்சிட்டு, உள்ளங்கையை ஜன்னல் திட்டுல விரிச்சு வச்சாரு. வச்சு, அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாரு. எடுத்து ஷெட்டைக் காட்டினாரு. "ஆங்." மறுபடி கையை விரிச்சு வச்சாரு. "ஆங்." செத்துப் போன வலது கையை இடது கையால தூக்கிக் காட்டிட்டு, தொப்புன்னு மடியில விட்டாரு.

"என்ன சொல்றாரு?"ன்னு நான் கேட்டேன்.

அக்கா கட்டில் விளிம்புல உக்காந்துட்டாங்க. 

"நல்லா இருந்தப்ப, தினமும் சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தினதும் வந்து பின் கதவைத் திறப்பாரு. சீட்டுக்குப் பின்னாடி கையை இப்படி வச்சுக்கிட்டு நிப்பாரு. ரொம்ப நேரம். யாரை ஏத்திட்டு வந்தேன்னு வேவு பாக்குறாருன்னு நினைச்சேன். ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன், 'என்ன, சந்தேகமா?'ன்னு. ஒண்ணும் சொல்லல. மூஞ்சி தொங்கிப் போச்சு. ஆனாலும் மறுநாளும் வந்து கையை வச்சாரு."

காயில் கட்டுற ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். மோட்டாரை ஓட விட்டு, மேல உள்ளங்கையை வைப்பாங்க. கை தாங்கினா சரி, தாங்கலைன்னா பிரிக்கணும். மீட்டர் பக்கத்துலயே இருந்தாலும் அவங்களுக்குக் கைதான்.

"புது சென்சார் கிடைக்கிற வரைக்கும் நீங்க நடு ரோட்டுல நிக்கக் கூடாதுன்னு இதை வச்சிருக்காருக்கா. அந்த சென்சார் வேலையைத் தன் கையில எடுத்துக்கிட்டாரு. அதுக்குள்ள அந்தக் கையே விழுந்துடுச்சு. அதைச் சொல்லத்தான் இத்தனை நாளும் தட்டியிருக்காரு."

அவர் என்னைப் பாத்து "ஆங்"ன்னாரு.

"பண்ணினது வடிகட்டின முட்டாள்தனம், அதையும் சொல்லிடுறேன்"னேன் அவர்கிட்டயே. "நீங்க மட்டும் எழுந்து நிக்கிற ஆளா இருந்தா நாலு வாங்கு வாங்கியிருப்பேன்." அதுக்கும் "ஆங்"ன்னாரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

அக்கா அழுதாங்க. "ஒரு நாள் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போனேண்ணே. வெயில்ல, புழுக்கத்துல. சாத்தின ஜன்னலையே தட்டிக்கிட்டுக் கிடக்கட்டும்னு போனேன். திரும்பி வர்றப்ப சட்டையெல்லாம் நனைஞ்சு கிடந்தாரு."

அந்த நேரம் பார்த்துப் போன் அடிச்சுது. பொண்ணு. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"அம்மா, வண்டி ரெடியாயிடுச்சா? வெள்ளிக்கிழமை காலையிலயே வந்துடணுமாம். லேட்டானா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"ரெடியாயிடும்."

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

போனை வச்சிட்டாங்க. நான் அவங்களையே பாத்தேன். வேண்டாம்னு சொல்லிடுவாங்கன்னு எதிர்பார்த்தது என் மூஞ்சியிலேயே தெரிஞ்சிருக்கும்.

"அப்படிப் பாக்காதீங்கண்ணே. தெரிஞ்சுக்கிட்டா என் இடுப்பு வலி போயிடுமா? அவரைத் தூக்க இன்னொரு ஆள் வந்துடுவாங்களா? நான் ஓடிக்கிட்டிருக்கும்போது அவர் கீழ விழுந்து கிடந்தா யாரு பாப்பா? சரி பண்ணிக் குடுங்க, போதும்."

அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதனாலதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. ஷெட்டுக்குப் போய், ஒவ்வொரு செல்லா மீட்டர் வச்சுப் பாத்தேன். பேட்டரி தப்பிச்சிருந்துச்சு. ஏதோ நல்ல நேரம். விரிப்பை எடுத்துத் தூரப் போட்டேன். ஃபேனைக் கழட்டி, பஞ்சைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன். மறுநாள் புது சென்சார் வாங்கிட்டு வந்து மாட்டினேன். நான் வேலை செஞ்ச நேரம் பூரா அவர் ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாரு. தட்டவே இல்ல. மேல இருக்கிற வீட்டு ஓனர் இறங்கி வந்து, "என்ன, ஆள் கிளம்பியாச்சா?"ன்னு கேட்டாரு. "உங்க வேலையைப் பாருங்க"ன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில வண்டியை ஏத்தத்துல ஓட்டிப் பாத்தாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம்னு சொன்னேன்.

"ஹோம் இருக்கிறது மேட்டுலதான். கூடவே வாங்க, வழியிலேயே பாத்துக்கலாம்"னாங்க அக்கா.

அவரை முன் சீட்டுல உக்கார வச்சு பெல்ட் போட்டாச்சு. தலையை வழிச்சு வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தாங்க. துணிப் பையும் மருந்துப் பையும் டிக்கியில. நான் பின்னாடி ஸ்கேனரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன்.

"எண்ணைச் சத்தமாச் சொல்லுங்கண்ணே"ன்னாங்க.

"எதுக்கு? நான் பாத்துக்கிறேனே."

"அவருக்குக் கேக்கட்டும்."

சொன்னேன். "இடது பதினெட்டு. நடு பத்தொன்பது. வலது பதினெட்டு."

"ஆங்"னாரு அவரு.

கடைத் தெரு தாண்டி, ஆத்துப் பாலம் தாண்டி, மேடு ஆரம்பிச்சுது. நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு 'ஆங்' போட்டாரு. அந்தச் சத்தம் பதில் மாதிரி கேட்டது எனக்கு அப்பத்தான். நடு இருபத்தெட்டு ஆனதும் என் காதோரமா ஃபேன் 'ஹும்'னு எழுந்துச்சு. அவர் சட்டுன்னு கழுத்தைத் திருப்பப் பாத்தாரு, முடியல. "ஃபேன்தாங்க. காத்து இழுக்குது"ன்னேன். "ஆங்"ன்னு பெருமூச்சு விட்டாரு. அக்கா ரோட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

ஹோம் தெரிஞ்சுது. மஞ்சள் சுவர், பெரிய இரும்புக் கேட். கேட் பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் சக்கர நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுத் தயாரா நின்னான். அக்கா இண்டிகேட்டரைப் போட்டாங்க. வண்டி மெதுவாச்சு. காருக்குள்ள டிக் டிக்னு அது மட்டும்தான் சத்தம்.

"நடு எவ்வளவுண்ணே?"

"முப்பத்திரண்டு."

"இன்னும் ஏறுமா?"

வண்டி நிக்காம மேல ஏறட்டும்னு நான் பொய் கூடச் சொல்லியிருப்பேன். தேவைப்படல, உண்மையே அதுதான். "மேடு இன்னும் இருந்தா கொஞ்சம் ஏறும்."

"ஆங்"ன்னாரு அவரு.

அக்கா இண்டிகேட்டரை அணைச்சாங்க. கேட் எங்களைத் தாண்டிப் போச்சு. அந்தப் பையன் கையைத் தூக்கி என்னமோ கத்தினான், காதுல விழல.

"அக்கா, ஹோம்..."

"தெரியும்ணே."

அப்புறம் அக்காவே சொன்னாங்க, தன்கிட்டயே சொல்லிக்கிற மாதிரி. "நாளைக்கு இவரை யாரு பாப்பா, எனக்குத் தெரியாது. பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறேன், அதுவும் தெரியாது. மேல இருக்கிறவரு வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரு, சொல்லட்டும். இன்னிக்கு என்னால முடியல, அவ்வளவுதான்." கண்ணுல வழிஞ்சதைத் துடைக்கக் கூட ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்கல. "நீங்க நிறுத்தாதீங்கண்ணே. சொல்லிக்கிட்டே வாங்க."

"இடது முப்பத்தொண்ணு. நடு முப்பத்திரண்டு. வலது முப்பத்தொண்ணு."

"ஆங்."

மேடு முடிஞ்சு சமதளம் வந்துடுச்சு. எண் மூணும் அசையாம நின்னு ரொம்ப நேரமாச்சு. இதுக்கு மேல பாக்க ஒண்ணும் இல்ல, வேலை முடிஞ்சது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கியிருக்கலாம், பஸ் பிடிச்சுப் போய் ஸ்கூட்டரை எடுத்திருக்கலாம். நான் சொல்லிக்கிட்டே வந்தேன். இறங்கினா எனக்கும் பேச ஆளில்ல.